மீடியம் எழுதிய இரண்டு டப்பாக்கள்

ஒரு வேலையைச் செய்யாமல் இருக்க ஒரு ஆள் போதும். அதையே முறைப்படி செய்யாமல் இருக்க ஒரு வாரியம் வேண்டும். திருவனந்தபுரத்தில், தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், அப்படி ஒரு வாரியம் இருந்தது. வினாத்தாள் விநியோகக் கணினி வாரியம் என்று பெயர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு எந்தப் பள்ளிக்கு எத்தனை வினாத்தாள், எந்த மொழியில் போக வேண்டும் என்று பட்டியல் போட்டு அச்சகத்துக்கு அனுப்புவது அதன் வேலை. மாநிலம் முழுக்க வருவதற்கு முன்னால் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் பரீட்சித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன வருஷப் பரீட்சை வரை அந்தப் பட்டியலை இரண்டு குமாஸ்தாக்கள் கையால் எழுதினார்கள். கணினி வந்த பிறகு நாற்பத்தொரு பேர் தேவைப்பட்டார்கள்.

நாற்பத்திரண்டாவது ஆளாக, 2001 செப்டம்பர் பதினேழாம் தேதி, கலைச்செல்வி போய்ச் சேர்ந்தாள். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற குடும்பத்துப் பெண். கணினியில் டிப்ளமா முடித்து, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து, நாலு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. நூற்றெழுபத்தொன்பது நாளுக்கு. நூற்றெண்பதாவது நாளும் ஒரு ஆளை வைத்துக்கொண்டால் அந்த ஆள் நிரந்தரம் கேட்டுவிடும் என்று அரசாங்கத்துக்கு ஒரு பயம். கலைச்செல்விக்கு அப்படிப்பட்ட பயம் எதையும் உண்டாக்குகிற உத்தேசம் இல்லை. கரமனையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு, தினமும் பஸ்ஸில் வந்து போனாள்.

வாரியத்தின் மொத்தச் சொத்து, பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய இரண்டு கோப்புகள். ஒன்று ஸ்கிரிப்ட். அது 'ஏ' செக்ஷனுக்குச் சொந்தம், சூப்பரண்டு சரோஜம். மற்றது மாட்யூல். அது வராந்தாவுக்கு அந்தப் பக்கம் 'பி' செக்ஷனுக்குச் சொந்தம், சூப்பரண்டு ராஜமணி. ஸ்கிரிப்ட், பள்ளியின் பெயரையும் அங்கே படிக்கிற மொழியையும் ரிஜிஸ்டரிலிருந்து எடுத்துக் கொடுக்கும். மாட்யூல் அதை வாங்கி, கட்டுக் கணக்குப் போட்டு அச்சடிக்கும். இரண்டும் ஒரே கணினிக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஆனால் அதை இரண்டு செக்ஷனும் ஒப்புக்கொண்டதில்லை.

மூன்றாவது வாரம் மாதிரிப் பட்டியலைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். கலைச்செல்வி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாப் பள்ளிக்கும் மீடியம் 'மலையாளம்' என்றிருந்தது. போனக்காட்டுப் பிள்ளைகள் படிக்கிற, மலையடிவாரத்து அரசுப் பள்ளிக்கும் அப்படியே இருந்தது. அங்கே பத்தாம் வகுப்பில் ஒரு தமிழ்ப் பிரிவு உண்டு. பத்தொன்பது பிள்ளைகள், எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள். அதில் ஒருத்தி சுஜா, கலைச்செல்வியின் தங்கை. வருகிற மார்ச்சில் பரீட்சை எழுதப் போகிறவள்.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. 'மீடியம்' என்று பெயர் எழுதிய டப்பா ஒன்று ஸ்கிரிப்டில் இருந்தது. அதே பெயர் எழுதிய இன்னொரு டப்பா மாட்யூலில் இருந்தது. ஸ்கிரிப்ட் தன் டப்பாவில் 'தமிழ்' என்று ஒழுங்காகப் போட்டது. மாட்யூல் தன் டப்பாவைத் திறந்து பார்த்தது, காலி. பெயர் ஒன்றாக இருந்தால் டப்பாவும் ஒன்றாகிவிடும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். பெர்லிடம் வெறும் பெயரைச் சொன்னால் அவரவர் அறையில் இருப்பதைத்தான் எடுக்கும். பக்கத்து அறையில் இருப்பது வேண்டுமென்றால் அந்த அறையின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாட்யூலை எழுதியவர் தாராள மனசுக்காரர். டப்பா காலியாக இருந்தால் 'மலையாளம்' என்று வைத்துக்கொள் என ஒரு வரி எழுதிவிட்டு ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். அதனால் பிழை என்று ஒரு சத்தமும் வரவில்லை. இப்படிப்பட்ட காலி டப்பாக்களைக் கண்டால் எச்சரிக்கிற வசதி பெர்லில் உண்டு. எச்சரிக்கை வந்தால் ஆடிட்டில் கேள்வி வரும் என்பதால் அதை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு இருந்தது.

இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தாள். அந்தப் பட்டியல் இப்போதும் கையால்தான் எழுதப்படுகிறதாம். பெரிய இடத்துப் பிள்ளைகள் படிப்பதால் கணினியிடம் விடவில்லை.

ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஸ்கிரிப்டில், மாட்யூலின் பெயரை முன்னால் சொல்லி, அதன் டப்பாவில் இந்த டப்பாவில் இருப்பதைப் போடு என்று எழுத வேண்டும். கலைச்செல்வி அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சரோஜத்திடம் போனாள்.

"மோளே, நம்ம ஸ்கிரிப்ட்ல டப்பா காலியா இருக்கா?" என்று கேட்டார் சரோஜம்.

"இல்ல மேடம். தமிழ்னு சரியா இருக்கு."

"பின்னே நமக்கு என்ன? காலியா இருக்கது அவ்வோ செக்ஷன்லயாக்கும். அவ்வோ நிறைக்கட்டும்."

"அவங்களுக்கு நம்ம டப்பா தெரியாது மேடம். நாமதான் ஒரு வரி எழுதணும்."

சரோஜம் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இதில முன்னால வாரது ஆருக்க பேரு?"

"மாட்யூல் பேரு மேடம்."

சரோஜம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ராஜமணி எனக்கு ஜூனியராக்கும். ரெண்டு வருஷம், நாலு மாசம். எனக்க செக்ஷன் ஃபைல்ல அவருக்க செக்ஷன் பேரு முன்னால வராது, கேட்டியா. எழுதியே தீரணும்னா அவரு எழுதட்டும், நம்ம பேரை முன்னால போட்டு."

கலைச்செல்வி வராந்தாவைக் கடந்து ராஜமணியிடம் போனாள். ராஜமணி அவளை உட்காரச் சொல்லி, ஒரு இரும்பு பீரோவைத் திறந்து, சிவப்பு நாடா கட்டிய ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அறுபத்து நாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

"இதாக்கும் மாட்யூல்," என்றார்.

"மாட்யூல் கம்ப்யூட்டர்ல இருக்கு சார்."

"அது காப்பி. கெசட்டட் ஆபீசர் ஒப்பு போட்டது இது. இதில மாத்தினாத்தான் அதில மாத்த முடியும். இதில மாத்தணும்னா அறுபத்து நாலு பக்கமும் புதுசா ஒப்பு வாங்கணும். ஒப்பு போட்ட சாரு ரிட்டயர் ஆகி ஆற்றிங்கல்ல இருக்காரு, கண்ணும் தெரியாது." நாடாவைத் தடவிக்கொடுத்தார். "ரெண்டு வருஷமா இந்த மாட்யூல் ஒரு தப்பு காட்டினதில்ல, கேட்டியா. ஒரு வாக்கு பேசினதில்ல. இப்பிடி ஒரு ஸ்டாஃப் எனக்கு வேற ஆரிருக்கா?"

ஏ செக்ஷன் ஸ்கிரிப்டுக்கும் இதே மாதிரி ஒரு கட்டு, இதே மாதிரி ஒரு பீரோவில் இருப்பதாக அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

குறிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினாள். மலையாளத்தில் எழுதச் சொன்னார்கள். திரும்ப எழுதினாள். ஃபைலுக்கு ஒரு நம்பர் விழுந்தது. அக்டோபர் போயிற்று. பத்தொன்பது பேர் என்று சொல்லியிருப்பதற்கு ஆதாரம் கேட்டு ஃபைல் திரும்பி வந்தது. பள்ளியிலிருந்து தலைமையாசிரியரின் கடிதம் வாங்கி வைத்தாள். கடிதத்தில் முத்திரை சாய்ந்திருந்ததால் திரும்பி வந்தது. முதலில் கோபம் வந்தது. நவம்பரில் கோபத்துக்குப் பதிலாகத் தூக்கம் வர ஆரம்பித்தது. ஃபைலைக் கண்டால் எழுந்து வாங்குவாள், திருத்துவாள், டிஸ்பேட்ச் மேஜையில் வைப்பாள். கரமனை பஸ்ஸில் உட்கார்ந்தால் எதுவும் நினைவில் நிற்காது. இது நல்லதுக்கில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

டிசம்பரில் இயக்குநர் வெங்கடேஸ்வரன் கூட்டு ஆய்வுக்கு உத்தரவிட்டார். கரமனை அக்ரஹாரத்துக்காரர். அலுவலகத்தில் மலையாளமும் இங்கிலீஷும் பேசுவார், தமிழ்க்காரர்களைக் கண்டால் மட்டும் வீட்டுத் தமிழுக்கு இறங்குவார். ஆய்வு நாளில் ஏ செக்ஷன் திரையில் டப்பாவைத் திறந்து காட்டினார்கள். 'தமிழ்' என்று வந்தது. ஏ செக்ஷன்காரர்கள் கை தட்டினார்கள். எல்லாரும் வரிசையாக வராந்தாவைக் கடந்து பி செக்ஷனுக்குப் போனார்கள். அங்கே டப்பாவைத் திறந்தார்கள். ஒன்றுமில்லை. பி செக்ஷன்காரர்கள் ஒன்றுமில்லாததைப் பிரிண்ட் எடுத்து, இயக்குநரிடம் ஒப்பு வாங்கினார்கள்.

"இங்கே இருக்கு. அங்கே இல்லை," என்றார் இயக்குநர். "நடுவுல இருக்கறது என்ன? வராந்தா. அப்போ எங்கே தொலைஞ்சிருக்கும், நீயே சொல்லும்மா."

"சார், ரெண்டும் ஒரே மெஷின்லதான் ஓடுது. வராந்தா வழியா எதுவும் போகல."

"அது டெக்னிக்கல் விஷயம். நாம இப்போ அட்மினிஸ்ட்ரேடிவா பார்த்துண்டிருக்கோம்."

பொதுப்பணித் துறையின் மின் பிரிவிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்து வராந்தாவை அளந்தார்கள். ஒரு நாள் முழுக்க யாரும் குறுக்கே நடக்கக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. வராந்தாவின் நீளம் பதினொன்று புள்ளி நாலு மீட்டர். கசிவு எதுவும் காணப்படவில்லை. மேற்கூரையில் ஒரு ஓடு மாற்ற வேண்டும். ஓடு உடனே மாற்றப்பட்டது.

ஜனவரி இருபதாம் தேதி வாக்கில் கலைச்செல்வி அந்த வரியைத் தானே தட்டினாள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தட்டுவதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஓட விட்டாள். மலையடிவாரத்துப் பள்ளி, தமிழ், பத்தொன்பது என்று வந்தது. எதிர்க்கடைக்குப் போய் ஒரு சாயா குடித்தாள், தோட்டத்துக் கடைக்குப் போன் போட்டு சுஜாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"தாள் தமிழ்லதான் வரும். நீ படி," என்றாள்.

"வராம பின்னே எப்பிடிக்கா வரும்?" என்றாள் சுஜா. அவளுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது.

அந்த வரி பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்தது. வாரியத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் ஒத்துப்பார்க்கிற சடங்கு உண்டு. சுத்தப்பிரதியை அசலோடு ஒத்துப் பார்ப்பது அரசாங்க ஆபீஸ்களில் பழைய வழக்கம். ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர் டிக் போடுவார். இங்கே ஜெயன் என்ற கிளார்க் ஒப்பு போட்ட கட்டை வைத்துக்கொண்டு வாசிப்பார், பிஜி என்ற கிளார்க் திரையைப் பார்த்து ஆமோதிப்பாள். இரண்டு பேருக்கும் பெர்ல் தெரியாது. தெரிந்தவர்கள் வாசித்தால் அர்த்தத்தில் கவனம் போய் எழுத்தைக் கோட்டை விட்டுவிடுவார்கள் என்பதால், தெரியாதவர்களைத் தேடிப் போட்டிருந்தார்கள்.

"டாலர், மீடியம், ஈக்வல், டாலர், ரெக்கார்ட், சதுர பிராக்கெட், மூணு, சதுர பிராக்கெட் முடிஞ்சு, செமிகோலன்," என்று வாசித்தார் ஜெயன். கோயிலில் சகஸ்ரநாமம் போல நாலு மணி நேரம் ஏற்ற இறக்கத்தோடு போகும்.

"சரி," என்றாள் பிஜி.

"அடுத்தது, சுழி பிராக்கெட் முடிஞ்சு."

பிஜி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். "ஜெயன் சாரே, இங்கே ஒரு வரி கூடுதலா இருக்கு," என்றாள்.

ஜெயன் எழுந்து நின்றுவிட்டார். பதினாலு வருஷ சர்வீஸில் ஒத்துப்பார்த்து அவர் ஒரு தவறுகூடக் கண்டுபிடித்ததில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து கலைச்செல்விக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. சூப்பரண்டுகள் இருவரும் வந்தார்கள், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அந்த வரி நீக்கப்பட்டது. சாயங்காலம் பிஜி அவள் மேஜைக்கு வந்தாள்.

"சேச்சி வருத்தப்பட வேண்டாம். ஆரு எழுதினதுன்னு நாங்க போடல்ல. ரிப்போர்ட்ல 'தானே வந்தது'ன்னு எழுதியிருக்கு."

வரி தானே வந்தது என்று படித்த இயக்குநர் அன்றிரவு தூங்கவில்லை என்று சொன்னார்கள். நாளைக்கு இன்னொரு வரி தானே வந்தால் யார் பொறுப்பு? பிப்ரவரி நடுவில் கூட்டம் போட்டார். சரோஜமும் ராஜமணியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குறிப்பெடுக்க கலைச்செல்வி மூலையில் உட்கார்ந்தாள்.

"பிரச்சனை என்ன?" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "ஸ்கிரிப்ட் ஒண்ணு சொல்றது, மாட்யூல் வேற ஒண்ணு சொல்றது. ஒரு ஆபீஸ் ரெண்டு விதமா பேசப்படாது. ஸ்கிரிப்டை மாத்தலாமோ?"

"ஒப்பு போட்டதாக்கும் சார்," என்றார் சரோஜம்.

"மாட்யூலை?"

"ஒப்பு போட்டதாக்கும் சார்," என்றார் ராஜமணி. இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் சந்தர்ப்பம் அதுதான்.

"அப்போ ஒப்பு போடாதது எது? ரிஜிஸ்டர். அதுல அந்த ஸ்கூலுக்கு நேரே தமிழ்னு இருக்கறதாலதான் இத்தனை கலாட்டாவும். அதை மலையாளம்னு ஆக்கிட்டா ஸ்கிரிப்டும் மலையாளம்னு சொல்லும், மாட்யூலும் மலையாளம்னு சொல்லும். சண்டை தீர்ந்தது."

சரோஜமும் ராஜமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிமையான வழி தங்களுக்குத் தோன்றவில்லையே என்ற வெட்கம் இருவர் முகத்திலும் தெரிந்தது.

"சார்," என்றாள் கலைச்செல்வி. "அங்க பத்தொன்பது பிள்ளைங்க தமிழ்ல படிச்சிருக்கு."

"தெரியும்மா. நம்மாத்துலயும் தமிழ்தான் பேசறது. நேக்குத் தமிழ்மேல இருக்கற பிரியம் நோக்குத் தெரியாது. அதனாலதான் சொல்றேன், அந்தக் குழந்தைகளை நாம தொடவே இல்லை. அவா அவாளாவே இருக்கட்டும். என்ட்ரியைத்தானே மாத்தறோம்? யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "நீயே மாத்திடு. தமிழ் தெரிஞ்சவா கையால ஆனா நன்னாயிருக்கும்."

எழுத்தில் உத்தரவு கேட்டாள். பத்து நிமிஷத்தில் வந்தது. அந்த வாரியத்தில் பத்து நிமிஷத்தில் வந்த ஒரே உத்தரவு அது. அவள் மாட்டேன் என்றால் பிஜி செய்வாள், பிஜி இல்லையென்றால் வேறொருத்தி. இதை இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். கை 'மலையாளம்' என்று தட்டிற்று. மனசு எங்கே இருந்தது என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தலைமையாசிரியருக்குத் தகவல் சொன்னாள். அவர் எழுதிய புகாருக்கு வாரியம் பதில் அனுப்பியது: தங்கள் பள்ளியில் தமிழ் மீடியம் இருப்பதாகப் பதிவு இல்லை, எனவே புகாருக்கு இடமில்லை. ஒருங்கிணைப்புக்காக இரண்டு சூப்பரண்டுகளுக்கும் குத்துவிளக்கு ஏற்றி நினைவுப்பரிசு கொடுத்தார்கள்.

மார்ச் பதினாலாம் தேதி சமூக அறிவியல் பரீட்சை, மொழித் தாள்களுக்குப் பிறகு முதல் பாடம். அன்றைக்குத்தான் கலைச்செல்விக்கு நூற்றெழுபத்தொன்பதாவது நாள். பரீட்சை பத்து மணிக்கு ஆரம்பித்தது. பதினொன்றே கால் மணிக்கு பி செக்ஷன் போன் அடித்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அவள் வராந்தாவைக் கடந்து போய் எடுத்தாள்.

தலைமையாசிரியர்தான். ஒரு மணி நேரமாக லைன் கிடைக்கவில்லையாம். "பத்தொன்பது பேருக்கும் மலையாளத் தாள்," என்றார் மலையாளத்தில். "நான் வாசித்துக் காட்டினேன். பேசுகிற மலையாளம் தெரிகிறது, இது புரியவில்லை என்கிறார்கள். எனக்குத் தமிழ் வராது. தமிழ் டீச்சர்களை வேறு பள்ளிக்குக் கண்காணிப்புக்கு அனுப்பிவிட்டார்கள். நான் என்ன செய்யட்டும்?"

கலைச்செல்வி கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தாள். ராஜமணி தினசரி படித்துக்கொண்டிருந்தார். நாலு மாதமாக மரத்துப் போயிருந்த ஏதோ ஒன்று அவளுக்குள் வலித்தது.

"முதல் கேள்வியை வாசிங்க சார்," என்றாள்.

அவர் மலையாளத்தில் வாசித்தார். அவள் தமிழில் சொன்னாள். அவர் அதை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டு, ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுப் போய், ஹாலில் உரக்கச் சொன்னார். அவர் சொல்லும் தமிழ் போனில் தூரத்தில் கேட்டது. பிள்ளைகள் இன்னொரு தடவை கேட்டார்கள், இன்னொரு தடவை சொன்னார். திரும்ப வந்து இரண்டாவதை வாசித்தார். மூன்றாவது. நாலாவது. அவருக்கு மூச்சு வாங்கியது. மொத்தம் இருபத்திரண்டு கேள்வி. ஆறாவதைச் சொல்லி முடித்தபோது சரோஜம் வந்து நின்றார். கையில் ஒரு தாள் இருந்தது.

"மோளே, உனக்க ரிலீவிங் ஆர்டர். உச்சைக்குப் பன்னிரண்டுக்கு ரிலீவ்னு இருக்கு. மணி ஆச்சு."

"ஒரு பதினஞ்சு நிமிஷம் மேடம். பிள்ளைங்க ஹால்ல இருக்கு."

"எனக்கொண்ணும் இல்ல மோளே. ஆனா இது பி செக்ஷன் போனாக்கும். நீ ஏ செக்ஷன். இப்ப ஏ செக்ஷனும் இல்ல." சரோஜத்தின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ராஜமணி எழுந்து வந்து, விதி தெரிந்தவராக, போனின் கொக்கியை விரலால் அமுக்கினார். ஏழாவது கேள்வியின் பாதியில் லைன் போயிற்று.

அவர்கள் அவளுக்கு ஒரு வாழ்த்துக் கடிதமும் கொடுத்தார்கள். ஸ்கிரிப்டும் மாட்யூலும் ஒத்துப்போவதற்கு உதவியதைப் பாராட்டி இயக்குநர் ஒப்பு போட்டிருந்தார், பச்சை மையில்.

அவள் போனக்காடு போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சுஜா தொழிலாளர் லயத்து வீட்டு வாசல்படியில் வினாத்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத மாதிரி இல்லை. எதிரே தேயிலைச் சரிவில் கடைசிக் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"ஆறு வரைக்கும் ஒழுங்கா எழுதினேன்க்கா," என்றாள். "அதுக்கப்புறம் சாருக்கு போன் வரல. ஏழாவது என்னன்னு சொல்லேன்."

கலைச்செல்வி தாளை வாங்கிப் பார்த்தாள். "மலைச் சரிவில மண்ணு அடிச்சுக்கிட்டுப் போகாம இருக்க என்னென்ன செய்யணும்? ரெண்டு வழி எழுதணும்."

சுஜா சரிவைப் பார்த்தாள்.

"இது எனக்குத் தெரியும்க்கா," என்றாள். பிறகு, "எட்டாவது?" என்று கேட்டாள்.